நோய் கொண்டுவந்தவள்

“பிரேமினின்னு எழுதுங்க சேர். பௌர்ணமிப் போயா அன்னைக்கு வந்து தாய்க்கு ரொட்டிய நனைச்சு ஊட்டிட்டுப் போனா. அவ கொண்டுவந்ததுதான் இது.”

முதியோர் இல்லப் பொறுப்பாளர் சுதாகரன் இதைச் சொன்னபோது கிருஷாந்தி பால் விடாத பிளேன்டிக் கோப்பைகள் வைத்த தட்டோடு வாசலில் நின்றாள். அங்கே வயதானவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, துணி மாற்றுகிற ஒரே ஆள் அவள். தட்டை அவன் மூஞ்சியில் வீசினால் என்ன என்று தோன்றியது.

சுகாதாரப் பரிசோதகர் ரிஸ்வி பேனாவைத் திறந்தார்.

ஹட்டனுக்கு மேலே, மூன்று அறையில் பதினெட்டுக் கிழவிகள் இருக்கும் இல்லம். ஒரே வாரத்தில் ஐந்து பேருக்குக் காய்ச்சல் கண்டு சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. நான்கு பேர் ஆஸ்பத்திரியில். பிரேமினியின் தாய் வேலாயி நேற்று விடியக்காலையில் போய்விட்டாள்.

பிரேமினி உடப்புசல்லாவைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். மாதம் ஒருமுறை பஸ் மாறி மாறி வந்துவிடுவாள். பதினெட்டுப் பேருக்கும் சேர்த்து இந்த வீட்டுக்கு வருகிற ஒரே சொந்தம் அவள்தான்.

இப்போது தாயின் துணிமணிகளை வாங்க கேட்டுக்கு வெளியே மழையில் நிற்கிறாள். பெற்றவளைக் கொன்றவள் உள்ளே வரக் கூடாது என்று சுதாகரன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். அவளும் நம்பிவிட்டாள். கையிலிருந்த குடையை விரிக்கக்கூட இல்லை.

நரம்பில்லாத நாக்கு எதையும் பேசும்.

குளிர் என்று ஜன்னல்களை ஆணியடித்து மூடியது யார்? மூன்று கட்டில் போடும் அறையில் ஆறைத் திணித்தது யார்? ஓர் அறைக்கே துடைக்க ஒரே துவாய் போதும் என்றது யார்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, தாயைப் பறிகொடுத்தவள் தலையில் பழியைக் கட்டுகிறான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வேலை போனால் போகட்டும், இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று கிருஷாந்தி முடிவெடுத்தாள். பிரேமினி தன் தாயைத் தவிர வேறு யாரையும் தொடவில்லை. மற்ற இரண்டு அறைகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதைச் சொன்னாலே போதும்.

ரிஸ்விக்கும் அங்கேதான் இடித்தது. மூன்று அறையிலும் ஆள் விழுந்திருக்கிறது, பக்கத்துக் கட்டில்காரர்களோ நன்றாக இருக்கிறார்கள், அதெப்படி என்று கேட்டார். ரிஸ்வி பட்டியலை எடுத்து நிதானமாக வாசித்தார்.

வேலாயி. லெட்சுமி. அங்கம்மா. மாரியாயி. மீனாட்சி.

இந்த ஐந்து பேருக்கு மட்டும் பொதுவாக என்ன இருக்கிறது என்றார். எல்லாம் கிழடுகள்தானே என்றான் சுதாகரன்.

கிருஷாந்திக்கு மூன்றாவது பெயரிலேயே விளங்கிவிட்டது.

ஐந்து பேருக்கும் வாயில் ஒரு பல்கூட இல்லை.

இடிக்கிற சத்தம் தாங்கவில்லை என்று சுதாகரன் அவர்களுடைய வெற்றிலை உரலைப் பிடுங்கி வைத்து ஒரு மாதமாகிறது. ஆயுள் முழுக்க வெற்றிலையை அடக்கிக்கொண்டு தேயிலை மலையில் நின்றவர்கள். அது இல்லாமல் சோறு இறங்கவில்லை என்று அழுதார்கள். கிருஷாந்திக்கு மனசு கேட்கவில்லை. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு யாருக்கும் தெரியாமல் வெற்றிலையைத் தானே மென்று, ஆளுக்கோர் உருண்டை அவர்கள் வாயில் வைத்தாள்.

போயாவுக்கு முந்திய நாலு நாளும் அவளுக்குக் காய்ச்சல். லீவு கேட்டாள். நீ வராவிட்டால் இதுகளை யார் கழுவுவது என்றான் சுதாகரன். இருமிக்கொண்டே வந்தாள். இருமிக்கொண்டே மென்றாள்.

அவன்மேல் இருந்த கோபம் ஒரு பொட்டும் குறையவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு நிற்கிற தெம்புதான் போய்விட்டது.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ரிஸ்வி எழுதத் தொடங்கியிருந்தார்.

கிருஷாந்தி தட்டை மேசையில் வைத்தாள்.

“அந்தப் புள்ளைய உள்ள கூப்பிடுங்க சேர். அவங்க அம்மாவுக்கு நோயக் குடுத்தது யாருன்னு நானே சொல்லிடுறேன்.”