வேடியப்பன் கொடுத்த உத்தரவு

காவேரிக்கு ஐந்து வயது. எந்தப் பொட்டலத்தை எடுப்பது என்று தெரியாமல் விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஊர்ச்சாமியான வேடியப்பன் கல்லின் காலடியில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. பூவரச இலையில் மடித்து, வாழைநாரால் கட்டியவை. ஒன்றில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. குழந்தை எடுப்பது வெள்ளை என்றால் சாமி சம்மதிக்கிறது. சிவப்பு என்றால் கூடாது என்கிறது. அதற்குமேல் பேச்சில்லை.

சாமி பட்டணம் போகலாமா என்பதுதான் இன்றைய கேள்வி.

புளியமரத்தடியில் ஜீப்பும் அதன் பின்னால் ஒரு டிரெய்லரும் நின்றன. பட்டணத்தில் புதிதாக வரப்போகும் மியூசியத்துக்காக ஓர் அதிகாரி வந்திருந்தார். இது பல்லவ ராஜா காலத்துக் கல், மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்த வீரனுக்கு ஊர் நட்டது என்றார். எகிப்து, ரோமாபுரிச் சாமான்களுக்குப் பக்கத்தில் இதை வைத்தால் உலகமே வந்து பார்க்கும் என்றார். ஊர் தலையாட்டியது.

தீர்த்தம்மாள் ஒருத்திதான் ஒப்பவில்லை.

அவள் மகன் ராஜாமணி பட்டாளத்தில் இருந்தான். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில், கிழக்கு எல்லையில் செத்துப்போனான். உடம்பை அங்கேயே எரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தது அவனுடைய தகரப்பெட்டி மட்டும்.

உட்கார்ந்து அழ அவளுக்கு ஒரு சாண் மண்கூட இல்லை. அதனால் இந்தக் கல்லுக்கு வந்தாள். கல்லில் வில்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன், ராஜாமணி மாதிரியே இடுப்பைக் கொஞ்சம் சாய்த்து நின்றான். அது போதும் அவளுக்கு. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைத்தாள். சாமிக்கு வைக்கிறாள் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

பூக்கேட்கலாம் என்று சொன்னதும் அவள்தான். சாமி வாக்கில் அவ்வளவு நம்பிக்கை.

ராஜாமணி பட்டாளத்துக்குப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றபோதும் இங்கேதான் பூக்கேட்டாள். வெள்ளை வந்தது. அவளுக்கு அனுப்ப மனசில்லை. ஆனாலும் சாமி சொன்னபிறகு பெற்றவள் என்ன பேசுவது? ராஜாமணிக்கோ அவளைவிட நம்பிக்கை. பூக்கேட்பதற்கு முந்தின வாரமே அரூர் கடைவீதியில் தகரப்பெட்டி வாங்கி, பேர்கூட எழுதி வைத்திருந்தான்.

பூசாரி மாயவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். மாயவனை அப்படிச் சொல்ல முடியாது. யார் எதை ஆசைப்பட்டுக் கேட்டாலும் அவன் கட்டிய பொட்டலத்தில் அநேகமாக நல்ல வாக்காகவே வரும். ராசியான கை. ராஜாமணி என்றால் அவனுக்கு உயிர். மாமனும் மருமகனும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

ஜீப்காரர்களுக்கு நேற்று அவன் வீட்டில்தான் கோழிக்குழம்பு.

காவேரி குனிந்து இடதுபக்கப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். மாயவன் நாரை அறுத்தான்.

வெள்ளை.

“அக்கா, சாமியே போறேங்குது. இனிமே நாம மறிக்கக் கூடாது,” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

தீர்த்தம்மாள் மண்ணில் விழுந்து கும்பிட்டாள். எழுந்து, அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள்: “சாமி சொன்னா செரிங்க. பெத்த புள்ளையவே அனுப்பி வெச்சவ நானு.”

கடப்பாரை போட்டுக் கல்லை நெம்பினார்கள். வைக்கோல் சுற்றி, சாக்குப் போட்டுக் கட்டினார்கள். வில் மறைந்தது, பிறகு முகமும் மறைந்தது. இரண்டாம் தடவையும் என்னிடமிருந்துதான் எடுக்க வேண்டுமா, இந்தச் சாமிக்குக் கொஞ்சம் இரக்கம் இருந்தால் என்ன என்று தீர்த்தம்மாள் நினைத்தாள். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மிஞ்சிய பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கிணற்றில் போட வேண்டும். அதுதான் முறை. எப்போதும் மாயவனே போடுவான். இன்று அவனும் ஜீப்பில் ஏறிக்கொண்டான். மியூசியத்தில் காவல் வேலை காலியாக இருக்கிறதாம், பேசிவிட்டு வருகிறானாம். போகிற அவசரத்தில் பொட்டலத்தை அக்காவின் கையில் திணித்தான். கிணற்றில் போட்டுவிடச் சொன்னான்.

கூட்டம் கலைந்தது.

கல் நின்ற இடத்தில் குழி இருந்தது. பக்கத்தில் அவளுடைய அகல்விளக்கு கவிழ்ந்து கிடந்தது. குழியை வெறுமனே விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு பூவாவது போடலாம். கையில்தான் சிவப்பு அரளி இருக்கிறதே. சாமியே போனபிறகு முறை என்ன முறை?

நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

இலைக்குள் இருந்தது வெள்ளை அரளி.

ஜீப் போன பக்கம் பார்த்தாள். புழுதி அடங்கியிருந்தது. கூடப்பிறந்தவனே கழுத்தை அறுத்துவிட்டானே என்று கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

அதற்குள் வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது.

அன்றைக்கும் பொட்டலம் கட்டியவன் மாயவன்தான். அதைப் பிரித்தபோது ராஜாமணி பூவைப் பார்க்கவே இல்லை. மாமனைப் பார்த்துச் சிரித்தான்.

தகரப்பெட்டியில் பேர் எழுதிய பெயிண்டு அப்போதே காய்ந்துபோயிருந்தது.