காற்றுப் புகாத டப்பா

"எங்க அண்ணன் புழு திருடுறாரா? வெளியில சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க" என்றாள் மனைவி.

"சிரிக்கட்டும். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்றார் பஸ் டிரைவர்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் டிரைவரும் அவருடைய மச்சானும் ஏரிக்கு மீன் பிடிக்கப் போவார்கள். மச்சான் தையல்காரர். அவர் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினால் அதிசயம். டிரைவர் அவருக்கும் சேர்த்துப் பேசுவார். அதிலும் தூண்டில் புழுவைப் பத்திரப்படுத்துவது எப்படி என்று ஆரம்பித்துவிட்டால், கேட்கிறவர் பாடு திண்டாட்டம்தான்.

புதன்கிழமையே தோட்டத்தில் மண்புழு தோண்டிவிடுவார். குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவி, பிளாஸ்டிக் டப்பாவில் திணித்து, மூடியை நாலு பக்கமும் அழுத்தி, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைப்பார். பக்கத்திலிருக்கும் தக்காளியை மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டே மேல்தட்டுக்கு மாற்றுவாள். அதற்குப் பிறகு டப்பாவை ஏரிக்கரையில்தான் திறக்க வேண்டும். நடுவில் திறந்தால் குளிர் போய்விடுமாம்.

"காத்துகூட உள்ள போகாது. அதான் சூட்சுமம்" என்பார்.

மச்சானுடையதோ பழைய ஐஸ்கிரீம் டப்பா. மூடி முழுக்க ஊசியால் குத்திய ஓட்டைகள். உள்ளே ஈர மண்ணும் கிழித்துப் போட்ட பேப்பரும். அவர் முள்ளில் கோர்க்கும் புழு எப்போதும் துவண்டுபோய் நூல் மாதிரி தொங்கும். மீன் எட்டிக்கூடப் பார்க்காது. டிரைவரின் புழுவோ கோர்க்கவே விடாமல் துள்ளும்.

"ஓட்டை டப்பாவில வச்சா இப்படித்தான் மச்சான்" என்று வாராவாரம் கிண்டல் செய்வார் டிரைவர். மச்சானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொள்வார்.

டிரைவருக்கு ஒரே ஒரு குறை. வீட்டில் அள்ளி அடைத்த புழுவில் பாதிகூட ஏரியில் இருப்பதில்லை. புழுவுக்கென்ன, கால் முளைத்தா ஓடும்? போன வாரம்தான் அந்த மர்மம் உடைந்தது. உட்கார இடம் பார்க்க முன்னால் நடந்தவர் தற்செயலாகத் திரும்பினார். சாமான்களுக்குக் காவலாக நின்ற மச்சானின் கை இவருடைய டப்பாவுக்குள் இருந்தது.

"கேட்டிருந்தா கொடுத்திருக்க மாட்டேனா? இந்த வாரம் கையும் களவுமாப் பிடிக்கிறேன். அதோட சரி. உங்க அண்ணன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

கூடப் பிறந்தவர் என்று மனைவிக்கு இருப்பது அந்த அண்ணன் ஒருவர்தான்.

"நீங்க தனியாப் போய் வெறுங்கையோட வந்தப்ப, வாரம் பூரா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தீங்க. அண்ணன்கிட்டதான் சொல்லி அழுதேன். அவர் கூட வர ஆரம்பிச்சப்புறம்தான் இந்த வீட்ல சிரிப்புச் சத்தமே கேக்குது. அவரைப் போய்..."

"நான் சொன்னது தப்புன்னா ஒரு பக்க மீசையை எடுத்துடறேன். போதுமா?"

அந்த மீசைக்கு அவர் காட்டும் அக்கறையை அவள் அறிவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, டப்பாவில் வெறும் ஈரப் பேப்பரை வைத்து மூடினார் டிரைவர். அந்தப் புதன்கிழமை அவர் புழுவே தோண்டவில்லை; மருந்துக்குக்கூட ஒன்று இல்லை. திருட வந்த மச்சான் காலி டப்பாவைப் பார்த்து அசடு வழிய வேண்டும், அதைத் தான் கண்குளிரப் பார்க்க வேண்டும் என்பது திட்டம்.

ஏரிக்கரையில், இடம் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் புதருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மச்சான் அக்கம்பக்கம் பார்த்தார். முதுகைக் காட்டிக் குனிந்து டிரைவரின் டப்பாவைத் திறந்தார். கொஞ்ச நேரம் என்னவோ செய்தார். பிறகு மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி தூண்டிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

டிரைவர் மீசையை முறுக்கிக்கொண்டே வந்தார்.

"மச்சான், என் டப்பாவை எடுங்க. இன்னிக்கு ஒரு வேடிக்கை காட்டுறேன்."

மச்சான் எடுத்துக் கொடுத்தார். டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மூடியைத் திறந்தார்.

உள்ளே கொழுகொழுவென்று மண்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

டிரைவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். ஓட்டை டப்பாவில் மண்ணும் பேப்பரும் மட்டும் கிடந்தன. மச்சான் கையிலிருந்த தூண்டிலின் முள் வெறுமையாக மினுங்கியது. இத்தனை வாரமும் அந்த முள்ளில் துவண்டு தொங்கியவை யாருடைய டப்பாவில் மூச்சுமுட்டிச் செத்தவை என்று அப்போதுதான் டிரைவருக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணும் கரித்தது.

"என்ன வேடிக்கை மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல மச்சான். புழு எப்படித் துள்ளுது பாருங்க."

"உங்க கைப்பக்குவம் யாருக்கு வரும் மாப்பிள்ளை" என்றார் மச்சான், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

டிரைவர் டப்பாவை இரண்டு பேருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தார்.

சாயங்காலம் மனைவி வாசலிலேயே காத்திருந்தாள்.

"அண்ணன் உங்க டப்பாவில கை வச்சாரா?" என்று பயந்துகொண்டே கேட்டாள்.

"வச்சார்."

அவள் முகம் சுண்டிப்போனது.

"ராத்திரிக்கு உங்க அண்ணனுக்கும் சேர்த்துச் சமைச்சுடு" என்றார் டிரைவர். "அதுக்கு முன்னாடி, என் ஷேவிங் செட் எங்க இருக்குன்னு சொல்லு."