தூத்துக்குடி அயிலை

“தூத்துக்குடி மீன்தான் அக்கா. காலைலதான் வந்து எறங்குச்சு” என்று மீன்காரி ஜெனி சொன்னதும் ஸ்ரீமதிக்குச் சுருக்கென்றது.

அரை மணி நேரம் முன்னால் இதே பெட்டியைக் காட்டி, “இது கொல்லத்து அயிலை பாப்பா, எழுதிக்கோ” என்று சொன்னவளும் இதே ஜெனிதான்.

தென்காசி சந்தைக்கு வாரம் தவறாமல் கடையத்திலிருந்து பஸ் ஏறி வருகிற கிருபா அக்கா, ஒரு கிலோவைப் பையில் வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

ஸ்ரீமதியின் மூன்று வருஷ உழைப்பு!

அவளுடைய வீடு குற்றாலத்தில். கோயில் காரியம் பார்க்கிற குடும்பம், முட்டைகூட உள்ளே வராது. அந்த வீட்டுப் பெண் மீனின் மரபணுவில் பி.எச்டி. பண்ணுகிறாள். மேற்குக் கடலின் கொல்லம் மீன், கிழக்குக் கடலின் தூத்துக்குடி மீன் இரண்டுமே தென்காசிக்கு வரும். எந்தப் பெட்டி எந்தக் கடல் என்று ஜெனி சொல்வாள். ஸ்ரீமதி துடுப்பு நுனியை வெட்டி, ஸ்பிரிட் குப்பியில் போட்டு, கடலின் பெயரை எழுதி ஒட்டுவாள். இருநூறு குப்பி சேர்ந்தது.

போன வாரம் மரபணுச் சோதனை முடிவு வந்தது. இரண்டு கடல் மீனுக்கும் வித்தியாசமே இல்லை.

நேற்று கைடு குற்றாலீஸ்வரன் போனில் சொன்னார். “ரெண்டு கடல் மீனும் குமரி முனையைச் சுத்தி வந்து ஒண்ணாக் கலக்குதுன்னு அர்த்தம். இல்லேன்னா, உங்க மீன்காரம்மா பெட்டியைக் கலந்து குடுத்திருக்கான்னு அர்த்தம். எதுன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேம்மா.”

இதோ, கண் முன்னாலேயே பொய்!

“ஜெனிக்கா, தூத்துக்குடிப் பக்கம் இது தடைக்காலம். ஒரு மாசமா விசைப்படகு கடலுக்குப் போகல. அவங்ககிட்ட எப்படிக் கூசாமப் பொய் சொல்லுதீங்க? எனக்கும் இப்படித்தான் சொன்னீங்களா?”

“மெதுவாப் பேசு பாப்பா. அக்கா காதுல விழுந்திரப் போவுது.”

“விழட்டுமே!”

ஜெனி கத்தியைக் கீழே வைத்தாள்.

“அக்காவுக்குப் பெறந்த ஊரு உவரி. ஒரே மகன், ஜோஷ்வா. கொல்லத்துல மீன்பிடி போட்டுல வேலைக்குப் போனான். ரெண்டு வருஷம் முன்ன போட்டு கவுந்து போச்சு. உடம்புகூடக் கெடைக்கல. அதுலேருந்து அந்தக் கடல் மீனு வேண்டாம்னுட்டாங்க. மீன் தின்னு வளந்த உடம்பு, துரும்பா இளைச்சுப் போச்சு. தடைக்காலத்துல நான் வேற என்ன சொல்லிக் குடுக்க?”

ஸ்ரீமதி கிருபா அக்கா போன திசையைப் பார்த்தாள்.

“உங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லப்போறேன்? எந்தப் பெட்டின்னு எனக்கே சந்தேகம் வந்த அன்னிக்கெல்லாம் ‘இன்னைக்கு இல்ல, போ’ன்னு உன்னைத் தொரத்தலையா?”

வாஸ்தவம்தான். பதினோரு தடவை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறாள். பஸ்ஸில் குற்றாலம் போய்ச் சேரும்வரை ஜெனியைத் திட்டியும் இருக்கிறாள்.

“சரி, உன் மெஷினு என்னதான் சொல்லுது?”

“ரெண்டு கடல் மீனும் ஒண்ணுங்குது.”

“இதுக்கா மூணு வருஷம்? கடலுக்கு நடுவுல வரப்பா வெட்டியிருக்கு?” என்று சிரித்த ஜெனி, சட்டென்று ஸ்ரீமதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்காகிட்ட மட்டும் ரெண்டு மீனும் ஒண்ணுன்னு சொல்லிராத. உனக்குப் புண்ணியமாப் போவும். அந்தப் பயலுக்குக் கொல்லத்துல வேலை வாங்கிக் குடுத்ததே நான்தான் பாப்பா. எங்க மாமா போட்டு அது.”

சந்தையை விட்டு வெளியே வந்ததும் ஸ்ரீமதி கைடுக்கு போன் போட்டாள். “பெட்டி எதுவும் கலக்கல சார். என் பொறுப்பு.”

பஸ் ஸ்டாண்டில் கடையம் பஸ் நிற்கிற இடத்தில் கிருபா அக்கா நின்றுகொண்டிருந்தார். பூ விற்கிற நஸீபாவிடம் அந்த மீன் பையை அப்படியே நீட்டினார்.

“கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கொழம்பு வச்சுக் குடு.”

ஸ்ரீமதிக்கு அடக்க முடியவில்லை. “உங்களுக்கு வேண்டாமாம்மா?”

கிருபா அக்கா திரும்பிப் பார்த்தார். “நீ ஜெனி கடையில மீனை நறுக்கிக் குப்பியில போடுத பிள்ளைதான?”

“ஆமாம்மா. அது வந்து... அது தூத்துக்குடி மீன்தாம்மா. தைரியமாச் சாப்பிடலாம்.”

வாழ்க்கையில் முதல் தடவையாக மீன் விஷயத்தில் பொய் சொல்லிவிட்டு, ஸ்ரீமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அவ சொல்லச் சொன்னாளா?” கிருபா அக்கா லேசாகச் சிரித்தார். “உவரியில பெறந்தவளுக்குத் தடைக்காலம் தெரியாதா தாயி? அது எந்தக் கடலுன்னு பாத்த ஒடனே தெரியும்.”

“தெரிஞ்சுமா வாரா வாரம் வந்து வாங்குதீங்க?”

பஸ் வந்து நின்றது. கிருபா அக்கா படியில் ஒரு காலை வைத்துவிட்டுச் சொன்னார்:

“எம்மவன் போனதுலேருந்து எந்தக் கடல் மீனும் எங்க வீட்டுல வேகல. ஆனா நான் வந்து வாங்கலேன்னா, அவனைப் போட்டுல ஏத்திவிட்டதுக்கு நான் இன்னும் கோவமா இருக்கேன்னு நெனைச்சு அந்த ஜெனிப் பிள்ள மருகிச் செத்துரும்லா!”