இன்னும் நாலு நாள்

சாயங்காலம் ஐந்தே முக்கால். டாக்டர் சக்கரவர்த்தி ஊசியால் மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சிப் பல்லின் வேரைக் கழுவினார். பிளீச்சிங் பவுடர் நெடி அடித்தது.

“வேர் சுத்தமாயிடுச்சு ஜினதாசன். நாளைக்கு அடைச்சிடலாம்.”

“இன்னும் நாலு நாள் கழுவுங்க டாக்டர்.”

“எல்லாரும் எப்ப முடியும்னு கேப்பாங்க. உங்களுக்கு இந்த நாத்தம் பிடிச்சுப்போச்சா? சரி, ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாதீங்க.”

ஜினதாசன் முகம் மலர்ந்தது. அதற்குள் மலைக்குப் பின்னால் பொழுது இறங்கிவிடும். பொழுது இறங்கினால் சமணர்கள் சாப்பிடுவதில்லை.

கதவருகே அவருடைய புது மனைவி ஜெயமதி டிபன் கேரியரோடு நின்றாள்.

“அவரு இப்ப சாப்பிடக் கூடாதும்மா,” என்றார் டாக்டர்.

“இது உங்களுக்குங்க. நீங்களும் நம்மவங்கதானே? அஞ்சு நாளா இவரால உங்களுக்கும் ராத்திரி பட்டினி. இருட்டறதுக்குள்ள சாப்பிடுங்க. நானே சுட்ட அடை. கல்யாணமானதிலிருந்து வீட்ல தினமும் இதான்.”

டாக்டர் அடையைக் கடித்தார். பிய்யவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். வெகுநேரம் மென்றபடி ஜினதாசனையே பார்த்தார்.

“எனக்கும் ஒரு பல் வலிக்குது ஜினதாசன். நான் யாருகிட்ட போய்க் கழுவிக்கறது?”