புருலின் மத்து

கிண்ணத்தை வாயருகே கொண்டுபோன சுயுன்பெக் சற்று நிறுத்தி மகளைப் பார்த்தார்.

அக்மோர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நுண்ணுயிரியல் துறையின் தேநீர் அறை அது. ஆய்வகத்துக்குள் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பதால், பொறுப்பாளர் ராயா அக்கா இந்த அறையைத் திறந்துவிட்டிருந்தார். சாவியை அவ்வளவு லேசில் யாரிடமும் தருகிறவர் அல்ல அவர்.

மேசைமேல், குதிரைப்பாலைப் புளிக்கவைத்துக் கடைந்த குமிஸ் ஜாடி இருந்தது. நாளை சொந்த ஊரான நாரினில் அம்மா புருலின் முதலாண்டு நினைவு விருந்து. வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு மிடறாவது புருலின் கைக் குமிஸைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஒரே ஆசை.

அம்மா போன பிறகு மேய்ச்சல் மேட்டில் குதிரைப்பாலைக் கடைய ஆளில்லை. குமிஸ் புளிக்கவைக்கும் தோல்பையும் பனிக்காலத்தில் காய்ந்து வெடித்துவிட்டது. போன வாரம்தான் அப்பாவுக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

"உன் படிப்புக்குன்னு அம்மாகிட்ட உறை வாங்கிட்டுப் போனியே கண்ணு, அது இருக்கா?" என்று போனில் கேட்டார்.

இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

இருந்தது என்னவோ உண்மைதான். ஆய்வக ஃப்ரீசரில், ஒரு சின்னக் குழாயில். ஆனால் அது அம்மா கொடுத்த உறை இல்லை.

அம்மாவின் உறையில் எத்தனையோ வகை உயிர்கள் கூட்டுக்குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. அதில் ஒன்றே ஒன்றைப் பிரித்து, தட்டு தட்டாக வளர்த்து, கலப்பே இல்லாமல் ஆக்குவதுதான் அக்மோரின் ஆராய்ச்சி. மற்றதெல்லாம் மாசு. குமிஸ் நாக்கைச் சுருக்கென்று கிள்ளுமே, அந்த நுரையைத் தரும் ஈஸ்ட்டையும் சேர்த்து வேகவைத்துக் கொட்டியாயிற்று. துறைத்தலைவர் கைகுலுக்கினார். அம்மாவிடம் சொன்னபோது, "என் உறையைப் போய் சல்லடை போட்டுச் சலிச்சியா, பைத்தியக்காரி" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

இதையெல்லாம் அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

நேற்று அவர் பிஷ்கெக் வந்து இறங்கியபோது ஒரு கையில் பால் கேன். இன்னொரு கையில், அம்மாவின் தலைத்துணியில் சுற்றிய மத்து. எப்போதோ கைப்பிடி முறிந்து குட்டையாகிப்போன பழைய மத்து. கருத்து, பிசுபிசுத்து, புகையும் புளிப்புமாக வாசம் வீசியது.

"அம்மா இதாலதான் கடைவா" என்று கொடுத்தார்.

அக்மோர் எல்லாவற்றையும் முறைப்படி செய்தாள். அந்த ஆய்வகத்தில் எதுவும் வெந்துதான் உள்ளே போகும். பாலைக் காய்ச்சி ஆறவைத்தாள். பிரஷர் குக்கருக்குப் பெரியப்பா போல மூலையில் நிற்கும் ஆட்டோகிளேவில் ஜாடியையும் மத்தையும் வேகவைத்து எடுத்தாள். பிறகு குழாயிலிருந்ததைப் பாலில் விட்டுக் கடைந்தாள். அம்மாவுடையது என்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு குழாய்தான். அதில் வேறெதுவும் கலந்துவிடக் கூடாதே என்று அவளுக்குப் பயம்.

நேற்று வீட்டுக்குக் கிளம்பும்போது ராயா அக்கா, "ஓஷ் பஜார் குமிஸ்ல ஒரு கரண்டி ஊத்திவிடேன்டி, யாருக்குத் தெரியப்போகுது" என்று காதைக் கடித்தார்.

அக்மோருக்கு மனசு வரவில்லை. அம்மா பெயரில் பஜார் குமிஸா?

இப்போது அப்பா குடித்தார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. காலையிலேயே அவள் ருசி பார்த்துவிட்டாள். வெறும் புளித்த பால். நுரை இல்லை, கிள்ளல் இல்லை.

"அவளோடதுதான்" என்றார் அப்பா.

அக்மோருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நல்லா இல்லேன்னா சொல்லிடுங்கப்பா."

"யாரு சொன்னா நல்லா இல்லேன்னு? பாதிக்கு மேல குடிச்சிருக்கேன் பாரு."

கிண்ணம் ஏறக்குறைய நிறைந்தே இருந்தது.

ஜாடியைப் பைக்குள் பத்திரப்படுத்திவிட்டு, மத்தைத் துணியில் சுற்றப்போனவர் நின்றார். அது வெளுத்துப் பளிச்சென்று இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"கழுவினியா கண்ணு?"

"சுத்தம் பண்ணினேன்ப்பா."

"நல்லது, நல்லது." கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். "அம்மா இதைக் கழுவ விடவே மாட்டா. நீ கைக்குழந்தையா இருந்தப்ப ஒரு தடவை ஆத்து வெள்ளத்துல பை போயிடுச்சு. புதுசு தச்சோம். பக்கத்துக் கூடாரத்துல உறை வாங்கிட்டு வரேன்னு நான் கிளம்பினேன். எதுக்கு, சும்மா உக்காருன்னுட்டு, இந்த மத்தை அப்படியே பாலுக்குள்ள விட்டா. ரெண்டு மூணு நாள்ல குமிஸ் பொங்கிடுச்சு. எப்படிடின்னு நான் கேட்டுக்கவே இல்ல."

எப்படி என்று அக்மோருக்குத் தெரியும். அவள் படித்த படிப்பே அதுதான். மரத்தின் இண்டு இடுக்கில் காய்ந்து, ஒட்டிக்கொண்டு, வருடக்கணக்கில் தூங்கும். பால் பட்டால் எழுந்துகொள்ளும். அவள் மாசு என்று கொட்டிய அத்தனையும், அந்தக் குடும்பம் மொத்தமும், நேற்று மாலைவரை இந்த மத்தில் இருந்திருக்கிறது.



அப்பா மத்தைத் தலைத்துணியில் சுற்றி அவளிடமே நீட்டினார்.

"அங்க புழுதியில கிடந்து கெட்டுப்போகும். அம்மா ஞாபகமா நீயே வெச்சுக்க."

அவர் மாடிப்படி இறங்கிப் போனபின் அக்மோர் துணியைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். வெந்த மரத்தின் வாசனை மட்டும் வந்தது.