கியர் மாறும்போது விழும் சத்தம்

பட்டறைக்குப் பின்னாலுள்ள சரளைத் திடலில், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபோர்வீல் ஜீப் உச்சி வெயிலில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சுற்றுகிறது. இடையிடையே அடியில் டங்கென்று ஓர் அறை விழுகிறது. மெக்கானிக் பின்பக்கத் தகரத் தரையில் காதை ஒட்டவைத்துக் கிடக்கிறான். ஓட்டுவது அவன் தங்கை புருஷன். பக்கத்து இருக்கையில் தங்கை. "ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிங்க மாப்பிள்ளை." ஊளைச் சத்தம் இல்லை, பின் அச்சின் கிரவுன் பல்சக்கரம் நன்றாகத்தான் இருக்கிறது. "ஃபோர்வீலை எடுத்துடுங்க." எடுத்தும் அறை நிற்கவில்லை, அப்படியானால் கோளாறு முன் ஷாஃப்டிலும் இல்லை. கியர் மாறும்போது மட்டும் பின் ஷாஃப்டில் சுத்தியல் இறங்குகிறது. "எல்லாம் இவ ஓட்டிக் கெடுத்தது மச்சான்," என்று உறுமியபடி தங்கை புருஷன் மறுபடி கியருக்குக் கையை வீசுகிறான். டங். அதற்கு ஒரு கணம் முன்பே தங்கை தோளைக் குறுக்கி, முகத்தைக் கதவுப் பக்கம் ஒதுக்கிக்கொள்கிறாள். மெக்கானிக் தலையைத் தூக்குகிறான். "இன்னொரு தடவை மாத்துங்க." கை எழுகிறது, அவள் ஒடுங்குகிறாள், பிறகுதான் சத்தம். அடுத்த முறை அந்தக் கை கியரைத் தொட்டதும், கிரீஸ் படிந்த இன்னொரு கை இருக்கைகளுக்கு நடுவிலிருந்து பாய்ந்து மணிக்கட்டைக் கியர்க் கம்பியோடு சேர்த்து முறுக்குகிறது. "ஐயோ மச்சான், கை உடையுது!" ஜீப் துள்ளி, இருமி, நின்றுபோகிறது. "சாவியை எடுத்துக்கிட்டு இறங்கும்மா." அவள் சாவியை உருவுகிறாள். இறங்கவில்லை. எஞ்சின் அடங்கிய அமைதியில் எலும்பு நறநறப்பதை, அண்ணனைப் போலவே காதைச் சாய்த்துக் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறாள்.