மாமி கேட்காத பாட்டு

டனிஸ்ரன் கிற்றாரைத் தொட்டதும் அக்னெஸ் மாமி எழும்பிக் கோட்டை மாட்டினா.

"எங்கையம்மா, இந்தக் குளிருக்குள்ள?" பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்த மகள் நிரஞ்சனி கேட்டாள்.

"கடைக்கு. பால் முடிஞ்சுது."

"பிரிட்ஜுக்குள்ள மூண்டு பால் கிடக்கு!"

மாமி காது கேளாத ஆள் மாதிரிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டா.

மூன்று கிழமையாக இதே கூத்துத்தான்.

டனிஸ்ரனுக்குப் பகலில் பேக்கரி வேலை. சனிக்கிழமைகளில் ஜமேக்காக்காரரின் மியூசிக் பாண்டில் றெகே இசையில் காதல் பாட்டுப் பாடுவான். போன மாதம்தான் முதல் சீடி வெளிவந்தது. அட்டையில் ரோசாப்பூவோடு அவன் சிரிக்கிற படம். முதல் சீடியை மாமியின் கையில்தான் கொடுத்தான். மாமி அதை உறைகூடப் பிரிக்காமல் சீலைகளுக்கு அடியில் வைத்துவிட்டா.

முன்பெல்லாம் அவன் பாடிப் பழகும்போது மாமி குசினியில் பேசாமல் வெங்காயம் உரிப்பா. நல்லதென்றும் சொன்னதில்லை, கூடாதென்றும் சொன்னதில்லை. இப்போது ஓட்டம்.

"சீடி வந்தாப் பிறகுதான் மாமிக்கு வெக்கமாப் போச்சு," என்றான் டனிஸ்ரன்.

"வெக்கமோ? காதல் பாட்டுப் பாவமெண்டு நினைக்கிறா," என்றா கீழ்வீட்டு றோஸ்மேரி அக்கா. தேத்தண்ணி குடிக்க வந்திருந்தா. "தவக்காலமெல்லோ! உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் நாற்பது நாளைக்கு ஆளாளுக்கு ஒண்டை ஒறுத்து விட்டிருக்கிறம். என்ர மனுசன் இறைச்சி. நான் சீனி." சொல்லிக்கொண்டே ஒரு கிறீம் பிஸ்கட்டைக் கடித்தா. "உங்கட அம்மா என்னெண்டா முந்தநாள் ஆட்டெலும்பைக்கூட விட்டுவைக்கேல்லை. பாட்டு மட்டும் பாவமாக்கும்!"

நிரஞ்சனிக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மா ஆட்டிறைச்சி சாப்பிட்டது உண்மைதானே.

"இஞ்சேருங்கோ, பாண்டுக்காரருக்கு இண்டைக்கெல்லோ பதில் சொல்லவேணும்?" என்று கதையை மாற்றினாள். "கோடை முழுக்க ஊர் ஊராப் பாட ஆர் கூப்பிடுவினம்? ஓமெண்டு சொல்லுங்கோ."

"வீட்டில இருக்கிற ஆளே எழும்பி ஓடுது. ஊர் இருந்து கேக்குமோ?" கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்தான். "வேண்டாம் நிரா. மாமியின்ர மனதை நோகடிச்சு ஒரு பாட்டு வேண்டாம். இண்டையோட விட்டிடுறன்."

போனை எடுத்து நம்பரை அமத்தத் தொடங்கினான்.

கதவு திறந்தது. நாலாவது பாலோடு மாமி.

"ஆருக்கு மகன் போன்?"

"பாண்டுக்கு மாமி. இனிப் பாடமாட்டன் எண்டு சொல்லப்போறன். நீங்கள் இந்தக் குளிருக்குள்ள அலையத் தேவையில்லை."

"என்ர மாதாவே!"

பாலைப் போட்டது போட்டபடி, சப்பாத்துக் காலோடு ஓடி வந்து மாமி போனைப் பறித்தா.

"வெளியில சொன்னாப் பலன் இல்லையெண்டு வாயை மூடிக்கொண்டிருந்தனான். இனிச் சொல்லாட்டித்தான் பாவம்."

"எதையம்மா?"

"இறைச்சியை வருசா வருசம் விட்டுப் பாத்திட்டன், பிள்ளை. எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அது ஒரு ஒறுத்தலே? விட ஏலாமல் மனம் கிடந்து துடிக்கிற ஒண்டையெல்லோ ஆண்டவருக்குக் குடுக்கவேணும்?"

றோஸ்மேரி அக்காவின் கை அடுத்த பிஸ்கட்டுக்குப் போன வழியில் நின்றது.

மாமி வெட்கத்தோடு மருமகனைப் பார்த்தா.

"நான் நாற்பது நாளைக்குத்தான் உன்ர பாட்டை விட்டனான். நீ ஒரேயடியா விட்டிடாதை, மகன்!"